டார்கஸ் வீட்டுச் சிவப்புப் பழங்கள்

1957 டிசம்பர் 24

மாலை தேவாலயத்தை அலங்கரித்தோம். பக்கத்து வீட்டு டார்கஸ், கிறிஸ்துமஸுக்கு வைக்கும் ஹாலி மரக் கிளைகளைக் கை நிறைய ஒடித்து வந்தாள். இலைக்கு இலை பழம், அப்படி ஒரு சிவப்பு. பாதிரியார் உடனே பீடத்தைக் காட்டினார். என் கிளைகளைக் குடை வைக்கும் மூலைக்கு அனுப்பினார். வெறும் முள்ளிலைதானே.

"என்ன வின்னி, உன் மரம் இந்த வருஷமும் ஏமாத்திடுச்சா?" என்றாள். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

டிசம்பர் 25

வாத்து நன்றாக வெந்திருந்தது. சாப்பிடப் பிடிக்கவில்லை.

1958 ஜனவரி 9

நம் ஹாலி மரத்தை வெட்டுங்கள் என்று ஆம்ப்ரோஸிடம் சொன்னேன். மனுஷன் பயந்துவிட்டார். "ஹாலியை அடியோட வெட்டினா வீட்டுக்கு ஆகாது வின்னி. வேலி வெட்டுறவன்கூட அதை மட்டும் விட்டுட்டுப் போவான்."

கட்டின கணவனுக்கே அந்த மரம்தான் பெரிதா? ரம்பம் பிடிக்க எனக்குக் கை இல்லையா?

ஜனவரி 10

அறுத்துத் தள்ளிவிட்டேன். டார்கஸ் வேலிக்கு மேலே எட்டிப் பார்த்து, "அடிப்பாவி, ஏண்டி?" என்றாள்.

டிசம்பர் 2

டார்கஸ் மரத்தில் ஒரு பழம்கூட இல்லை! குருவி தின்றிருக்குமோ என்று உற்றுப் பார்த்தேன். காய்க்கவே இல்லை. சந்தோஷமாக இருக்கிறது. ஏன் பொய் சொல்ல வேண்டும், ரொம்பச் சந்தோஷம்.

டிசம்பர் 6

டார்கஸ் நாற்றுப் பண்ணையில் விசாரித்து வந்திருக்கிறாள். ஹாலியில் ஆண் மரம் வேறு, பெண் மரம் வேறாம். ஆண் மரம் பூக்கும், காய்க்காது. அதன் மகரந்தத்தைத் தேனீ கொண்டுபோனால்தான் பெண் மரத்தில் பழம். இந்தச் சதுப்பு ஊரில் வேறு ஹாலியே கிடையாது. அப்படியென்றால் ஆண் மரம் என்னுடையது—

இத்தனை வருஷமும் பீடத்தில் இருந்ததில் பாதி என்னுடையதா? ஒரு ஆளாவது சொன்னீங்களா? என் கையாலயே வெட்டிப் போட்டேனே!

டிசம்பர் 24

பீடத்தில் ஐவிக் கொடி மட்டும். டார்கஸ் என்னை ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டியிருக்கலாம்.

1959 மார்ச் 14

டார்கஸ் ஓர் ஆண் கன்று வாங்கி வந்தாள். "என் பக்கமே நட்டுக்கறேன். உனக்கெதுக்கு சிரமம்?"

இரண்டும் அவளுக்கே வேண்டுமாம்! கன்றைப் பிடுங்காத குறையாக வாங்கி என் தோட்டத்தில் நட்டேன். பூக்கப் பல வருஷம் ஆகுமாம். ஆகட்டும். பீடத்தில் அவள் மறுபடி பழம் வைக்கும் நாளில், ஊர் முழுக்கக் கேட்கச் சொல்வேன்: "இதுக்கெல்லாம் அப்பன் எங்க வீட்டுல இருக்கான்!"