சிவனம்மாளின் வலது கால்

12-6-1961, திங்கள்
தாலுகா ஆபீஸ் வாசலில் இன்றும் கூட்டம். ஏழு மனு எழுதினேன். பாகம் பிரிக்கலாமா, கேஸ் போடலாமா என்று என்னைத்தான் கேட்கிறார்கள். பேனாவை மூடுவதற்குள் பதில் சொல்லிவிடுகிறேன். சொந்த வீட்டு விஷயம் என்றால் மட்டும் புத்தி பேதலித்துப் போகிறது.

என் மனைவி சிவனம்மாளின் வலது பாதத்தில் என்றோ முள் குத்திய இடம் வீங்கிப் புரையோடிவிட்டது. முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட வேண்டும் என்கிறார் மதுரை டாக்டர். "விட்டா மேல ஏறிரும். இருபத்திநாலாந் தேதி கூட்டிட்டு வந்து கையெழுத்துப் போடுங்க." நான் போட வேண்டுமாம்.

14-6
பக்கத்து மேஜையில் மனு எழுதும் கிதர் முகம்மது நிதானமான ஆள். அவரிடம் கேட்டேன். "எடுத்துருங்கண்ணே. எங்க மாமு யோசிச்சுக்கிட்டே இருந்தாரு, தொடை வரைக்கும் போயிருச்சு." நியாயம்.

15-6
அவள் அண்ணன் ராமர் சித்தையன்கோட்டையிலிருந்து வந்தார். "நடக்குற கால வெட்டுறதுக்கு ஒரு டாக்டரா மாப்ள? தாங்கித் தாங்கியாச்சும் நடக்குதுல்ல எந்தங்கச்சி." இதுவும் நியாயம்தானே?

16-6
ஒரு தாளில் நடுக்கோடு போட்டு எழுதிப் பார்த்தேன். எடுப்பதற்கு ஒன்பது காரணம், விடுவதற்கு ஒன்பது. பத்தாவது, ஊர் என்ன சொல்லும். அதை எந்தப் பக்கம் எழுத?

18-6, ஞாயிறு
மாரியம்மன் கோயிலில் பூக்கட்டிப் பார்த்தேன். வெள்ளை என்றால் எடுக்கலாம், சிவப்பு என்றால் வேண்டாம். சிவப்பு வந்தது. அப்பாடா.

19-6
மறுபடி ஏன் போனேன்? இன்று வெள்ளை. பூசாரி ஒரு மாதிரியாகப் பார்த்தார். ஆத்தாளிடம் கேட்கப் போனேனா, நான் நினைத்ததை அவளைச் சொல்ல வைக்கப் போனேனா? நான் என்னதான் நினைச்சேன் — அதுதான் தெரியலையே. ஒரு முடிவுக்கு இம்புட்டுப் பாடா?

22-6
ஒன்றும் ஓடவில்லை.

24-6, சனி, மதுரை
டாக்டர் தாளை நீட்டினார். பேனாவைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தேன். எடுத்த பிறகும் பிழைக்காவிட்டால்? எடுக்காமல் விட்டு அவள் போய்விட்டால்?

பெஞ்சிலிருந்து சிவனம்மாள் கேட்டாள்: "யார் யார்கிட்ட யோசன கேட்டீக?"

கிதர், ராமர், ஆத்தா என்று சொன்னேன்.

"நானும் வீட்லதான இருந்தேன்?"

பேனாவை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டாள். "நான் போடலாங்களா?" என்று டாக்டரைக் கேட்டாள். அவர் தலையசைத்தார். எழுத்துக் கூட்டி, மெல்லத் தன் பெயரை எழுதினாள். எனக்கு வெட்கமாகவும் இருந்தது, தப்பித்தோம் என்றும் இருந்தது. எது அதிகம் என்று இப்போதும் சொல்லத் தெரியவில்லை.

27-6
எடுத்தாகிவிட்டது. காய்ச்சல் இருக்கிறது. சரியா, தப்பா?

9-7, ஞாயிறு
காய்ச்சல் விட்டது. காலை எட்டு மணிக்கு வார்டுக்குப் போனபோதும் தூங்கிக்கொண்டிருந்தாள். எழுப்ப வேண்டாம் என்றார் நர்ஸ் அமலராணி. கண் விழித்ததும், "ராத்திரி பூராத் தூங்கிட்டேங்க" என்றாள், ஏதோ பெரிய சேதி மாதிரி.

"எப்பவும் தூங்குறதுதான?" என்றேன்.

என்னைப் பார்த்துச் சிரித்தாள். "அந்த வலியோட எங்கிட்டுத் தூங்க? ஆறு வருசமாச்சு, கண்ணசந்து."

ஆறு வருஷமும் நான் பக்கத்துப் பாயில்தான் படுத்திருந்தேன்.