தட்டை மாப்பிள்ளை

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதுகிறேன். நானும் அம்மாவும் நலம். உன் கடிதம் வந்தது. இந்த முறையும் லீவு கிடைக்கவில்லை என்று எழுதியிருந்தாய். இரண்டு வருஷமாக ஒரு நர்ஸுக்கு நாலு நாள் லீவு கொடுக்க மனசு வராத அந்த ஆஸ்பத்திரி எப்படிப்பட்டதோ தெரியவில்லை. எங்கள் தியேட்டரில் புரொஜக்டருக்கே வருஷத்துக்கு ஒரு வாரம் ஓய்வு உண்டு. நான் சந்தேகப்பட்டு எழுதுகிறேன் என்று நினைக்காதே. சந்தேகப்பட்டுத்தான் எழுதுகிறேன், இருந்தாலும் நீ அப்படி நினைக்காதே.

விஷயத்துக்கு வருகிறேன். கோபப்படாமல் படி. உனக்கு ஒரு வரன் வந்திருக்கிறது. நானாகத் தேடிப் போகவில்லை, தரகர்தான் வீடு தேடி வந்தார். (அம்மா இந்த வரியைப் படித்துவிட்டுச் சிரிக்கிறாள். நான் பலமுறை அவர் வீட்டு வாசலில் நின்ற பிறகுதான் அவர் ஒருமுறை நம் வீட்டுக்கு வந்தார் என்பதையும் எழுதச் சொல்கிறாள். எழுதிவிட்டேன்.)

தரகர் இப்போது தொழிலில் புதுசாக ஒரு வித்தை கொண்டுவந்திருக்கிறார். பையிலிருந்து ஒரு மரப்பெட்டியை எடுத்தார். முன்பக்கம் மூக்குக்கண்ணாடி மாதிரி இரண்டு வட்டக் கண்ணாடி, பின்பக்கம் ஓர் அட்டையைச் செருக இடம். அட்டையில் ஒரே படம் பக்கத்தில் பக்கத்தில் இரண்டு தடவை இருக்கிறது. ஒரே படம் இல்லையாம். இரண்டு கண் வைத்த கேமராவில் எடுத்தது, இடது கண்ணுக்கு ஒன்று, வலது கண்ணுக்கு ஒன்று. பெட்டியில் கண்ணை வைத்தால் இரண்டும் ஒன்றாகி, ஆட்கள் எதிரில் உட்கார்ந்திருப்பதுபோலப் புடைத்துக்கொண்டு தெரிகிறார்கள். சாதாரண போட்டோவில் இரவல் சோபாவைப் போட்டு, குறுகின அறையைப் பெரிய ஹால் என்று காட்டி ஏமாற்றிவிடுகிறார்களாம். இதில் சுவர் எத்தனை தூரம் என்பதுகூடத் தெரிந்துவிடும், பொய்யே சொல்ல முடியாது என்றார். பொய்யே சொல்ல முடியாது என்று ஒரு தரகர் சொன்னதுமே நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன்.

அம்மாதான் முதலில் பார்த்தாள். பார்த்துக்கொண்டே கையை நீட்டி எதையோ நகர்த்தப் போனாள். அந்த வீட்டு மேஜை விளிம்பில் ஒரு தம்ளர் இருந்ததாம், விழுந்துவிடும் என்று பயந்துவிட்டாளாம். அப்புறம் நான் பார்த்தேன். அந்தப் பையனின் அப்பா நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறார். அவருடைய தொப்பை பெட்டியைத் தாண்டி வந்து என் மூக்கில் இடிக்கும்போல இருந்தது. பக்கத்தில் அவர் மனைவி, தரையில் ஒரு சின்னப் பெண். எல்லாரும் கன்னத்தைக் கிள்ளலாம் போல உருண்டு திரண்டு இருக்கிறார்கள். பின்னால் மாப்பிள்ளை நிற்கிறான்.

மாப்பிள்ளை தட்டை.

சிரிக்காதே. நான் டிக்கெட் கிழிக்கும் வாசலில், பலகையில் வெட்டிய கதாநாயகன் ஒருவன் எப்போதும் என் பக்கத்தில் நிற்பான். படம் மாறினால் ஆளும் மாறுவான், பலகை மாறாது. நிஜ ஆள் எது, பலகை ஆள் எது என்று எனக்குத் தெரியாமல் போகுமா? அதுவும் போகட்டும், பையனுடைய ஷூ தரைக்கு மேலே ஒரு சாண் அந்தரத்தில் நிற்கிறது. கால் தரையில் பாவாமல் நிற்கிறது என்றால் ஒன்று அது பேயாக இருக்கவேண்டும், இல்லையென்றால் ஒட்டு வேலை. வேறு எங்கோ எடுத்த பழைய போட்டோவை வெட்டி, இரண்டு படத்திலும் அதையே ஒட்டியிருக்கிறார்கள். இந்த வேலை எனக்கு எப்படித் தெரியும் என்று இப்போதைக்குக் கேட்காதே.

தரகரிடம் கேட்டேன். லென்ஸில் தூசி என்றார். தூசி மாப்பிள்ளைமேல் மட்டும் பார்த்து விழுமா என்றேன். குடிக்கத் தண்ணீர் கேட்டார். குடித்துவிட்டு, பெட்டியையும் அட்டையையும் இங்கேயே விட்டுவிட்டுப் போனார்.

அன்றிலிருந்து எனக்குத் தூக்கம் போய்விட்டது. குடும்பமே கூடி உட்கார்ந்திருக்கிற இடத்தில் அவன் மட்டும் ஏன் இல்லை? ஜெயிலில் இருக்கிறானா? வேறு ஊரில் வேறு குடும்பம் வைத்திருக்கிறானா? அன்றைக்கு வேலைக்குப் போயிருப்பான் என்கிறாள் அம்மா. அவளுக்கு எல்லாரும் நல்லவர்கள், என்னைத் தவிர.

பையன் நீ இருக்கும் ஊரில்தான் பாங்கில் வேலை பார்க்கிறானாம். பெரிய ஆஸ்பத்திரிக்கு எதிர்ச் சாரியில் உள்ள கிளை என்றார் தரகர். அவனுடைய படத்தை அட்டையிலிருந்து எடுத்து அனுப்ப முடியாததால், அடையாளத்தை எழுதுகிறேன்: நெட்டை, அகல நெற்றி, இடது புருவத்தில் ஒரு வெட்டுத் தழும்பு. நீ போய்ப் பேச வேண்டாம். அப்படி ஓர் ஆள் இருக்கிறானா என்று தூரத்திலிருந்து பார்த்தால் போதும். அப்படியே பக்கவாட்டில் போய் நின்றும் ஒரு தடவை பார், தெரிகிறானா என்று.

சாப்பாட்டை நேரத்துக்குச் சாப்பிடு.

உன் அப்பா


அன்பு மகளுக்கு,

உன் பதில் கிடைத்தது. இரண்டே வரி. அந்த பாங்கில் அப்படி யாரும் இப்போது இல்லை என்று ஒரு வரி. எனக்கு வரன் பார்க்க வேண்டாம் என்று ஒரு வரி. முதல் வரிக்காக நீ மெனக்கெட்டுப் போய்ப் பார்த்திருக்கிறாய், சந்தோஷம். இரண்டாவது வரிக்குப் பதில் கடைசியில் எழுதுகிறேன்.

உன் கடிதத்தைப் பார்த்ததும் எனக்குத் தலைகால் புரியவில்லை. நான் சந்தேகப்பட்டது சரியாகப் போவது அபூர்வம் என்பது உனக்கே தெரியும். தரகரின் பெட்டியை அவர் தலையிலேயே போட்டு உடைப்பது என்று முடிவு செய்துகொண்டு சனிக்கிழமை வேலைக்குப் போனேன்.

மதியக் காட்சிக்கு ஒருவர் வந்தார். டிக்கெட்டைக் கிழித்துக் கொடுத்தேன், உள்ளே போகவில்லை. பலகைக் கதாநாயகனுக்குப் பக்கத்தில் ஒதுங்கி நின்று என்னையே பார்த்தார். முகம் பிடிபடவில்லை. தொப்பை பிடிபட்டது. பையனின் அப்பாவேதான்.

கிட்டே வந்து, மேனேஜரைப் பார்க்கவேண்டும் என்றார். மாடியில் இருப்பார் என்றேன். டாக்டருக்குப் படித்த பெண்ணுக்கு அப்பா, அந்த மேனேஜர் என்றார். அப்போதுதான் புரிந்தது. தரகர் உன்னை டாக்டராக்கி, என்னை மேனேஜராக்கி, நம் இரண்டு பேருக்கும் ஒரே நாளில் பதவி உயர்வு கொடுத்திருக்கிறார். அது நான்தான் என்றேன். அவர் என் காக்கிச் சட்டையையும், கையில் இருந்த டிக்கெட் துண்டுகளையும் பார்த்தார். வேவு பார்க்க வந்திருக்கிறார் என்று எனக்குச் சுருக்கென்றது. முந்திக்கொண்டு, உங்கள் பையன் எங்கே என்று கேட்டேன்.

அவர் பையிலிருந்து அதே மாதிரி ஒரு பெட்டியை எடுத்து, ஓர் அட்டையைச் செருகி என் கையில் கொடுத்தார்.

இங்கே நான் உன்னிடம் ஒன்று சொல்லவேண்டும். தரகர் நம் குடும்பப் படமும் வேண்டும் என்று, நான் அவர் வீட்டுக்குப் போனபோதே கேட்டிருந்தார். நீ இங்கே இல்லை. வீட்டுக்கு வந்து படம் எடுத்த ஸ்டூடியோக்காரர், பழைய போட்டோ இருந்தால் போதும், நிற்க வைத்துவிடலாம் என்றார். நீ நர்ஸிங் சேர்ந்தபோது எடுத்ததைக் கொடுத்தேன். ஒட்டு வேலை எனக்குத் தெரிந்தது இப்படித்தான். அட்டையை ஸ்டூடியோவிலிருந்து தரகர் நேராகக் கொண்டுபோய்விட்டார், நான் பார்க்கவே இல்லை. அன்றைக்கு அந்த வாசலில்தான் முதல் தடவை பார்த்தேன்.

நம் முன்னறை. அம்மா உட்கார்ந்திருக்கிறாள், அவள் புடவை மடிப்பை எண்ணலாம். நான் உட்கார்ந்திருக்கிறேன், என் வழுக்கை பளபளவென்று முன்னால் வருகிறது. எங்கள் இரண்டு பேருக்கும் நடுவில் நீ நிற்கிறாய். பலகை மாதிரி. கை நீட்டினால் அம்மாவைத் தொட்டுவிடலாம் போல இருக்கிறது, உன்னைத் தொட்டால் அட்டைதான் கையில் தட்டும்போல இருக்கிறது. நான் பெட்டியைக் கண்ணிலிருந்து எடுக்கவில்லை. எடுத்தால் அவர் என் முகத்தைப் பார்ப்பார் என்றிருந்தது.

அவர்தான் பேசினார். மெதுவாகத்தான் பேசினார்.

"பையன் வீட்ட விட்டுப் போயி மூணு வருஷமாச்சு. அந்த பாங்குலதான் இருந்தான், அங்கயும் இப்ப இல்ல. எப்பவாவது ஒரு கார்டு வரும், நல்லா இருக்கேன்னு. எங்கேருந்து போடுறான்னு இருக்காது. அவன் அம்மாதான் கேக்கல. பொண்ணு பாத்து வச்சா வந்துடுவான்னு அவளுக்கு ஒரு நெனப்பு. அவனையும் நிக்க வைங்கன்னா. வச்சோம்."

சண்டை போட்டுக்கொண்டு போனானா என்று கேட்டேன். இல்லையாம். ஒரு வார்த்தைகூட இல்லையாம். முதலில் லீவு இல்லை என்றானாம். அப்புறம் அதுவும் சொல்லவில்லையாம்.

உன்னைப் பற்றிக் கேட்டார். லீவு கிடைக்கவில்லை என்று எழுதுகிறாள் என்றேன். மாற்றிச் சொல்ல வாய் வரவில்லை. அவர் என்னைச் சந்தேகமாகப் பார்ப்பார் என்று நினைத்தேன். பார்க்கவில்லை.

"எழுதுறால்ல? உங்களுக்கு விலாசமாவது இருக்கு சார்" என்றார்.

மேனேஜர் இல்லை என்று தெரிந்த பிறகும் அவர் என்னை சார் என்றார். டிக்கெட் வீணாகிறது, உள்ளே போய் உட்காருங்கள் என்றேன். பாதிப் படத்தில் போய் என்ன புரியப்போகிறது என்றார். முழுசாகப் பார்க்கிறவர்களுக்கும் இந்தப் படம் புரியவில்லை, போங்கள் என்றேன். போனார். இடைவேளையில் டீ வாங்கிக்கொண்டு போய்ப் பக்கத்துச் சீட்டில் உட்கார்ந்தேன். அவர் குடித்தார். பையனைப் பற்றியோ உன்னைப் பற்றியோ நாங்கள் பேசிக்கொள்ளவில்லை. திரையில் ஓடிய விளம்பரத்தைப் பற்றிப் பேசினோம்.

நம் அட்டையை என்னிடமே கொடுத்துவிட்டார். அவர்கள் அட்டையை நாளைக்குக் கொண்டுபோய்க் கொடுக்கவேண்டும். பையனின் அம்மா தேடுவாராம். நம்முடையதை அம்மா வெகுநேரம் பெட்டியில் வைத்துப் பார்த்தாள். அப்புறம், நீ இப்போது இளைத்திருப்பாயா பெருத்திருப்பாயா என்று என்னைக் கேட்டாள். எனக்கு எப்படித் தெரியும்? தெரியாது என்று சொல்லாமல், அப்படியேதான் இருப்பாள் என்றேன்.

இனி உன் இரண்டாவது வரிக்கு வருகிறேன். வரன் பார்ப்பதை நிறுத்திவிட்டேன். தரகர் இனி வரமாட்டார், அவருக்கும் என்மேல் சந்தேகம் வந்துவிட்டது. நீ ஏன் வரவில்லை என்று நான் கேட்கவில்லை. அம்மாவும் கேட்கமாட்டாள், நான் பார்த்துக்கொள்கிறேன். உனக்கென்று யாராவது இருந்தாலும் சரி, யாரும் வேண்டாம் என்றாலும் சரி, எங்கள்மேல் ஏதாவது மனக்குறை என்றாலும் சரி. சொல்லத் தோன்றும்போது சொல். தோன்றாவிட்டால் லீவு கிடைக்கவில்லை என்றே எழுது. ஒவ்வொரு மாதமும் அதையே எழுது. எதையும் நம்பாத ஆள் உன் அப்பா என்று தெரு முழுக்கத் தெரியும். ஆனால் நீ எழுதுவதை நான் நம்புகிறேன்.

விடுதி மாறினால் புது விலாசத்தை மட்டும் மறக்காமல் எழுதம்மா. சொல்லாமல் வந்து நிற்கமாட்டேன். கடிதம் போடத்தான்.

எங்கே இருந்தாலும் நன்றாக இரு.

உன் அப்பா