இடப்பக்கத்து எஞ்சின்

தூத்துக்குடி
14.9.1976

அன்பு மகன் தனராஜுக்கு அப்பா எழுதுவது. இங்கே கர்த்தருடைய தயவாலும் உன் அம்மா வைக்கிற ரசத்தாலும் நாங்கள் இரண்டு பேரும் நடமாடிக்கொண்டிருக்கிறோம், துபாய் வெயிலில் கருகாமல் நீயும் சுகமாய் இருக்க வேண்டும். முதலில் ஒரு வெட்கக்கேட்டைச் சொல்லிவிடுகிறேன். போன ஞாயிற்றுக்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை வயிற்றுவலி என்று பொய் சொல்லிக் கோயிலுக்குப் போகாமல் படுத்துக்கொண்டேன். உன் அம்மா படி இறங்கியதும் அவள் சேலைப் பெட்டியைத் துழாவி, நீ அவளுக்கு எழுதிய கடிதத்தை எடுத்து வாசித்தேன். நான் மூன்றாம் வகுப்போடு நின்றவன், உன் எழுத்தோ கோழி கிளறிய குப்பை மாதிரி, ஒரு பக்கம் முடிப்பதற்குள் ஆராதனையே முடிந்துவிட்டது, மறு பக்கத்தை அவள் செருப்புச் சத்தம் கிட்டே வர வர வாசித்தேன். அவளுக்கு இன்னும் தெரியாது. வயிற்றுவலிக்காரன் என்று இரண்டு நாள் வெறும் கஞ்சி ஊற்றினாள், அந்த மட்டுக்குத் தண்டனை கிடைத்தது.

இரண்டு வருஷமாய் நீ எனக்கென்று தனியாய் ஒரு வரி எழுதவில்லை. அவளுக்கு எழுதுகிற கடிதத்தின் அடியில் அப்பாவைக் கேட்டதாகச் சொல்லவும் என்று கொட்டைப்பாக்கு அளவுக்கு ஒரு இடம் விடுவாய், இந்தத் தடவை அதுவும் இல்லை. அது போகட்டும். துறைமுக ஒர்க்‌ஷாப்பில் கியர்பாக்ஸ் பிரிவை நீ எடுத்து நடத்து என்று போர்மேன் கேட்டதாகவும், மாதக் கடைசிக்குள் பதில் சொல்ல வேண்டும் என்றும், முடியாது என்று சொல்லப் போவதாகவும் எழுதியிருக்கிறாய். எனக்குக் கியர்பாக்ஸ் வராதும்மா, அது நம்ம ஊருக்கே தெரியும், ஸ்டோரில் உட்கார்ந்து நட்டு போல்ட்டு எடுத்துக் கொடுப்பதே எனக்குப் போதும் என்று எழுதியிருக்கிறாய். அந்த வரியை மூன்று தடவை வாசித்தேன். ஊருக்குத் தெரியும் என்றால் ஊருக்குச் சொன்னவன் நான்தான். நான் சொன்னது பொய். அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம்.

வரிசையாய்ச் சொன்னால்தான் எனக்கு எழுத வரும், உனக்குத் தெரிந்ததையும் சொல்கிறேன், பொறுத்துக்கொள். வெளிநாட்டில் காரைத் துண்டு துண்டாய்ப் பெட்டியில் போட்டு விற்கிறார்கள், வாங்கினவனே பூட்டி ஓட்டுகிறான் என்று ஒரு புத்தகத்தில் பார்த்துவிட்டு வந்து, நம் கருப்பட்டி அடுக்கிவைக்கிற கிட்டங்கிக்குப் பின்னால் நீயும் ஒன்றைப் பூட்ட ஆரம்பித்தாய். பழைய மோரிஸ் கார்ச் சட்டத்தையும் தகரத்தையும் நீயே தேடிச் சேர்த்தாய். எஞ்சின் என் பொறுப்பு என்று நெஞ்சைத் தட்டிக்கொண்டு, பீச் ரோட்டில் பழைய படகு உடைக்கிற வெள்ளத்துரையிடம் நான் போனேன். முத்துக்குளிப்புக் காலத்தில் காவலுக்கு ஓடிய லாஞ்சு ஒன்று உடைப்புக்கு வந்திருந்தது, அதற்குள் அச்சில் வார்த்த மாதிரி இரண்டு பெட்ரோல் எஞ்சின். “அண்ணாச்சி, ஒண்ணு வலத்து எஞ்சின், ஒண்ணு இடத்து எஞ்சின், எது வேணும்” என்று கேட்டான். லாஞ்சுக்குள் எந்தப் பக்கம் உட்கார்ந்திருந்தது என்பதைத்தான் சொல்கிறான் என்று நினைத்து, பெயிண்ட் போகாமல் பளபளவென்று இருந்த இடத்து எஞ்சினைக் கைகாட்டினேன். வண்டியிலிருந்து இறக்கும்போதே நீ கேட்டாய், “எப்பா, படகு எஞ்சின்லா, அவ்வொ வேற ஏதும் சொன்னாவளா” என்று. “எஞ்சின்னா எஞ்சின்தாம்ல, நீ ஒஞ் சோலியப் பாரு” என்று சொன்னவன் நான்.

அதற்குக் கியர்பாக்ஸ் தேடி நீ மூன்று மாதம் அலைந்தாய். ஜீப்புப் பெட்டி பலம், ஆனால் கனம், மூன்று கியர்தான் என்றாய். வேன் பெட்டிக்குத் தண்டு குட்டை என்றாய். கடைசியில் மதுரையில் ஒரு நாலு கியர் பெட்டியைக் கண்டுபிடித்து, பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு வந்தாய், வேட்டி முழுவதும் கிரீஸ். எஞ்சின் வாயும் பெட்டி வாயும் சேரவில்லை என்று கப்பல் தகட்டில் ஒரு இடைத்தட்டு அறுத்து மூன்று வாரம் அரம் போட்டாய். கிட்டங்கியெல்லாம் இரும்புத் தூள். உடன்குடி வியாபாரி ஒருவர் நம் கருப்பட்டியைக் கடித்துப் பார்த்துவிட்டு, “அண்ணாச்சி, இதுல பனையவிடத் தண்டவாளம் கூடுதலா இருக்கே” என்றார். அதற்கெல்லாம் நீ சிரித்தாய். கேலியே பிடிக்காத பையன் இல்லை நீ.

அப்புறம் கோயில் அசன விருந்தன்று, பந்தி நடக்கும்போது, சபை முழுவதும் பார்க்கட்டும் என்று காரை எடுத்து வரச் சொன்னதும் நான்தான். ஒருநாள் தனியே ஓட்டிப் பார்க்கிறேன் என்று நீ சொன்னதைக் கேட்கவில்லை. முதல் கியர் போட்டாய், கார் பின்னால் போனது. இரண்டாவது போட்டாய், இன்னும் வேகமாய்ப் பின்னால் போய் வாழையிலைக் கட்டின்மேல் ஏறியது. ரிவர்ஸ் போட்டால் அழகாய் முன்னால் வந்தது. நான் மைக்கைப் பிடித்தேன். “எம் மவன் பூட்டுன காருக்கு நாலு ரிவர்ஸு, ஒரு பார்வர்டு. ஊரை விட்டுப் போறவன் இதுல ஏறுனா வீட்டப் பாத்துக்கிட்டே போலாம்” என்றேன். சாம்பார் மூக்கில் ஏறுகிற அளவுக்குச் சிரித்தார்கள். ரிவர்ஸ் தனராஜ் என்று உனக்குப் பேர் வைத்ததும் அந்த மைக்கில்தான். உன் முகத்தை நான் பார்க்கவில்லை, சிரிக்கிறவர்களைப் பார்த்துக்கொண்டிருந்தேன். நாற்பதாம் நாள் நீ பம்பாய்க்கு ரயிலேறினாய், அங்கிருந்து துபாய்.

இதுவரைக்கும் உனக்குத் தெரியும். இனிமேல் தெரியாதது. நீ போய்ப் பத்து நாள் கழித்து வெள்ளத்துரை கடைக்கு வந்தான், வருகிறவர்களுக்கெல்லாம் சொல்கிற மாதிரி அவனுக்கும் கதையைச் சொன்னேன். அவன் சிரிக்கவில்லை. “அண்ணாச்சி, நீங்க எடுத்தது இடத்து எஞ்சின்லா. தண்ணிக்குள்ள ரெண்டு காத்தாடியும் எதிரெதிராச் சுத்துனாத்தான் லாஞ்சு நேராப் போவும், அதுக்குன்னே இதை மறுபக்கமாச் சுத்த வச்சிருக்கான். காருல பூட்டுனா பின்னாலதாம் போவும், கியர்பாக்ஸ் என்ன செய்யும், பூட்டுனவந்தான் என்ன செய்வான்” என்றான். நான் அவனுக்கு ஒரு கருப்பட்டியைக் கூடுதலாய்ப் போட்டு, இதை வெளியே சொல்லாதே என்று அனுப்பினேன். அடுத்த ஆள் கடைக்குள் வந்ததும் கதையைப் பழையபடியே சொன்னேன். அப்படியே இரண்டு வருஷம் சொன்னேன் தனராஜ். கதை அவ்வளவு நன்றாய் ஓடியது. உன் அம்மா கேட்கக் கேட்க, அவள் எழுந்து அடுக்களைக்குப் போகப் போகச் சொன்னேன்.

உன் கடிதத்தை வாசித்த மறுநாள், நம் ஊர்த் துறைமுகத்தில் கிரேன் கியர் பார்க்கிற அருமைநாயகத்தைக் கூட்டிவந்தேன். அவனை உனக்குத் தெரியும், தன் கல்யாணத்திலேயே சிரிக்காதவன். பெட்டியை இறக்கி, உன் இடைத்தட்டை வெளிச்சத்தில் பிடித்து, டயல் கேஜ் வைத்து ஒரு மணி நேரம் அளந்தான். “யாரு பூட்டுனா” என்றான். மகன் என்றேன். “மயிரிழை வெலகல. எங்கிட்ட ரெண்டு பேரு இருக்கானுவ, பத்து வருசமாச்சு, இப்படி வராது” என்றான். நான் இருமுகிற மாதிரி வெளியே போய்விட்டேன். ஆனால் எஞ்சின் எந்தப் பக்கம் சுற்றுகிறது என்று பையன் ஒரு தடவை பார்த்திருக்கணும் என்றும் சொன்னான். அந்தப் பங்கு உன்னுடையது, அதையும் நானே சுமக்க மாட்டேன். பின் ஆக்சிலைத் தலைகீழாய்க் கவிழ்த்துப் பூட்டினால் சக்கரம் மறுபக்கம் சுற்றும், எல்லாம் நேராகிவிடும் என்றான். ஐந்து நாள் வேலை. எண்ணெய் ஊற்றுகிற துவாரம் அடியில் போய்விட்டதால் மேலே வேறு துளை போட்டோம். சனிக்கிழமை முதல் கியரில் கார் முன்னால் போனது, இரண்டு வருஷம் கழித்து. உன் பெட்டியில் ஒரு பல்லைக்கூட மாற்றவில்லை.

மறுநாள் இந்த வருஷத்து அசனம். போதகர் ஐயரிடம் கேட்டு மைக்கை வாங்கினேன். எஞ்சினை வாங்கினது நான், தப்பு என்னுடையது, தெரிந்தும் இரண்டு வருஷம் மறைத்தேன், என் மகன் பூட்டினது சரியாய் இருந்தது என்று ஒன்றுவிடாமல் சொன்னேன். சிரித்தார்கள். முதலில் இரண்டு பேர், பிறகு பந்தி முழுவதும். நான் சிரிக்காமல் நின்றதைப் பார்த்து இன்னும் அதிகமாய்ச் சிரித்தார்கள். இந்த வருஷம் ஜேசுபாதம் அண்ணாச்சி புதுசா ஒரு கதை கட்டிக் கொண்டாந்திருக்காரு என்று என் முதுகில் தட்டினார்கள். இத்தனை வயதில் முதல்முறையாய் மைக்கில் ஒரு நிஜத்தைச் சொன்னேன், வாங்க ஆள் இல்லை. உன் அம்மா மட்டும் சிரிக்கவில்லை. சோற்றை அப்படியே வைத்துவிட்டு எழுந்து போனாள், அன்றிலிருந்து என்னோடு பேசுவதும் இல்லை.

நீயும் இதைக் கேலி என்று நினைத்துவிடுவாயோ என்றுதான் எனக்குப் பயம். அதற்காகவே அருமைநாயகத்திடம் மூன்று வரி எழுதி வாங்கி உள்ளே வைத்திருக்கிறேன், அவன் கேலி பேச மாட்டான் என்று உனக்குத் தெரியும். ஒன்று சொல்கிறேன். அன்றைக்கு நீ என் கையிலிருந்து மைக்கைப் பிடுங்கியிருக்கலாம். அப்பா சொல்கிறார் என்று நின்றாயே, அந்த மரியாதையை நினைத்தால்தான் எனக்குக் கசக்கிறது. மன்னித்துவிடு என்று எழுதக் கை கூசுகிறது. வேண்டாம், மன்னிக்காமலே இரு, அடியில் விடுகிற அந்த வரியும் வேண்டாம், ஊருக்கும் வராதே. ஆனால் போர்மேனிடம் போய் அந்த வேலையை ஒப்புக்கொள். என் வாயால் உன் கை நின்று போனது என்று மட்டும் இருக்கக் கூடாது.

தலைக்கு எண்ணெய் வை, வெயிலில் வெறுந்தலையாய் நிற்காதே, டப்பாவில் அடைத்த மீன் சாப்பிடாதே. கர்த்தர் உன் கைகளின் வேலையை ஆசீர்வதிப்பாராக, உன் போக்கையும் வரத்தையும் அவர் காப்பாராக. மாதம் முடியப் பதினாறு நாள்தான் இருக்கிறது, மறக்காதே. பதிலை அம்மாவுக்கே எழுது, நான் சேலைப் பெட்டியைத் திறக்க மாட்டேன்.

உன்மேல் பாசமும் உன்னிடம் குற்றமும் உள்ள அப்பா,
ஜேசுபாதம்

பின்குறிப்பு: கடிதத்தைப் போட உன் அம்மாவையும் ஏற்றிக்கொண்டு காரிலேயே பெரிய தபாலாபீசுக்குக் கிளம்பினேன். இரண்டாவதிலிருந்து மூன்றாவதுக்கு இழுத்தபோது கியர் கம்பி கையோடு வந்துவிட்டது, பெட்டி இரண்டாவது கியரிலேயே மாட்டிக்கொண்டது. நிறுத்தினால் மறுபடி கிளம்பாது என்பதால் நிறுத்தவில்லை. தபாலாபீஸ் கடந்து போனது. உன் அம்மா கம்பியை மடியில் வைத்துக்கொண்டு வந்தாள். முள்ளக்காடு உப்பளத்துக்குப் பக்கத்தில் பெட்ரோல் தீர்ந்தது, இதை இங்கேயுள்ள தபாலாபீஸ் பெஞ்சில் உட்கார்ந்து எழுதுகிறேன், முத்திரையைப் பார்த்துக் குழம்ப வேண்டாம். உன் அம்மா கம்பியோடு பஸ்ஸில் போய்விட்டாள். பெட்டியைத் திரும்ப ஏற்றியபோது கம்பியைப் பிடிக்கிற மூடியை முடுக்கினது நான், நீ இல்லை.