நடு வெயிலில் நின்ற பெட்டி

பிக்கெனிபெயு,
தெற்குத் தாராவா.

அன்பு மகன் கபூரேவுக்கு, அப்பா தாமோவா சொல்லச் சொல்ல உபதேசியார் மனைவி மீரே எழுதுவது. இங்கே நாங்கள் இருக்கிறோம். உன் உடம்புக்கும் வேலைக்கும் குறை வராதிருக்கட்டும்.

போனில் நீ சத்தம் போட்டாய். நீ அனுப்பிய சூரிய அடுப்பைக் கொடுத்துவிட்டது உண்மைதான். எப்படிக் கொடுத்தேன் என்று நீ கேட்கவில்லை. ஆஸ்திரேலியாவுக்குத் திரும்பும் உன் தோட்டத்துக் கூட்டாளி கையில் இதைக் கொடுத்தனுப்புகிறேன்.

அந்தக் கண்ணாடிப் பெட்டியைச் சாலையோரம் நம் கடைப் பலகைக்குப் பக்கத்தில் வைத்திருந்தேன். வீட்டுக்குப் பின்னால் மரநிழல். காலைப் பூசை முடிந்து வந்து சீமைப்பலாவை உள்ளே வைத்தால், பள்ளிக்கூடம் விடும்போது வெண்ணெயாக வெந்திருக்கும். புகை இல்லை, ஊத வேண்டியதில்லை. மினிபஸ்ஸை நிறுத்தி வாங்கினார்கள். விறகடுப்பை ஓலைத் தட்டிக்குள் மறைக்கலாம். இதை எங்கே மறைப்பது? போகிற வருகிற கண்ணெல்லாம் அதன்மேல்தான்.

உன் சித்தி மகள் தெபோரா வந்தாள். அவள் புருஷன் மீன்பிடிக்கப் போய்த் திரும்பாதது உனக்குத் தெரியும். பாயில் உட்கார்ந்து, தலை நிமிராமல், "பெரியப்பா, புபுசின்னு கேட்டு வந்திருக்கேன். அந்தப் பெட்டிய எனக்குக் குடுங்க" என்றாள். சொந்தக்காரி அந்தச் சொல்லை வைத்துக் கேட்டபிறகு இல்லை என்றவர் நம் குடும்பத்தில் யார்? உன் தாத்தா இருந்த ஒரே வலையை அப்படிக் கொடுத்துவிட்டு, மறுநாள் கரையில் சும்மா உட்கார்ந்திருந்தார். எனக்கு அப்போது பால்பல் விழுந்துகொண்டிருந்தது. "எடுத்துட்டுப் போம்மா" என்றேன்.

இப்போது அது நமக்கு எதிரே, அவள் கடையில் நிற்கிறது. மினிபஸ் ஓட்டுகிறவன் நேற்று, "என்ன கிழவா, உன் அடுப்பு எதிர்வீட்டுக்கு வாழப் போயிருச்சா?" என்றான். பஸ்ஸே சிரித்தது. நானும் சிரித்துவைத்தேன். அவள் பிள்ளைகள் வயிறு நிறையச் சாப்பிடுகின்றன, அதையும் சொல்ல வேண்டும்.

நான் பழையபடி கடல் பக்கம் போய் மட்டையும் ஒதுங்கிய கட்டையும் பொறுக்குகிறேன். ஈரக்கட்டை பற்றுவதில்லை. பாதி நாள் கடை திறப்பதில்லை. இருமலைப் பற்றி எழுதவா என்று மீரே கேட்கிறாள். அது புகையால் வந்தது, போய்விடும் என்று எழுதச் சொன்னேன்.

திருப்பிக் கேள் என்கிறாய். கேட்டுவிட்டு நான் ஊர் மண்டபத்தில் எந்த முகத்தோடு நம் குடும்பத்துத் தூணில் சாய்வது? இல்லாவிட்டால் இன்னொரு வருடம் இருந்து பெரிதாக ஒன்று அனுப்புவேன் என்கிறாய். அதற்குத்தான் இந்தக் கடிதம். அதுவும் நடு வெயிலில்தான் நிற்க வேண்டும், கபூரே. வேறொருவர் வந்து பாயில் உட்காருவார். நான் அதையும் கொடுப்பேன்.

ஆகையால் தோட்ட முதலாளியிடம் மறுபடி கையெழுத்துப் போடாதே. சொன்ன தேதியில் கிளம்பு. நீ வந்து விறகு பொறுக்கு, நான் கடையில் உட்கார்ந்துகொள்கிறேன். கட்டை தூக்குவதுதான் இப்போது முடியவில்லை.

உன் விமானம் வரும் நாளில் காற்று அடங்கி இருக்கட்டும். ஆண்டவர் உன் கையைப் பிடித்துக்கொள்ளட்டும். பெட்டி எதுவும் வேண்டாம், வெறுங்கையோடு வா.

உன் அப்பா,
தாமோவா