ரோசெந்தாவின் வலது கால்

குவாச்சோச்சி மலை,
ஆகஸ்ட் 20

அன்புள்ள நிக்கானோருக்கு,

உங்கள் மனைவி காந்தெலாரியா எழுதுவது. ஆப்பிள் தோட்ட வேலை முதுகை ஒடிக்காமல் இருக்கிறதா? இங்கே ஆடுகள் நலம். சோளம் கதிர் விட்டிருக்கிறது. நம் பெண் ரோசெந்தாவுக்குத்தான் வலது பாதத்தில் எலும்பு விரிசல் விட்டுவிட்டது. பதறாதீர்கள், முழுதும் படியுங்கள்.

விடுமுறைக்கு வரும்போதே அவளுக்கு முழங்கால் வலி. சிவாவா நகரத்துப் பள்ளியில் மூன்று வருஷமாக மெத்தை வைத்த ஷூவில், குதிகாலைத் தொப்புத் தொப்பென்று ஊன்றி ஓடியிருக்கிறாள். நான் பழைய டயரை வெட்டி, நாம் போடுகிற செருப்பைக் கட்டிக் கொடுத்தேன். ஒரே வாரத்தில் பாதத்தின் முன்பகுதியை ஊன்றிச் சத்தமில்லாமல் ஓடினாள், முழங்கால் வலியும் போயிற்று. எனக்குத் தலைகால் புரியவில்லை. பெண்கள் வளையப் பந்தயத்தில் ஓடைக்கு இந்தப் பக்கத்து நம் அணிக்கு அவள் ஓடுவாள் என்று நானே போய்ச் சொல்லிவிட்டேன்.

ஓடைக்கு அந்தப் பக்கம் வாழ்க்கைப்பட்ட உங்கள் தங்கை எவுலோஹியா சும்மா இருப்பாளா? “பட்டணத்துப் பொண்ணு மெத்தை போட்டுக்கிட்டுதான் ஓடுவாளாம். பாத்து அண்ணி, பாதி வழியில தூங்கிடப் போறா” என்று ஊர் முன்னால் சிரித்தாள். எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது.

செருப்பு மாட்டிய பத்தாம் நாள் ரோசெந்தா, “பாதத்துக்கு மேல சுருக்குனு குத்துதும்மா. ரெண்டு நாள் ஷூ போட்டுக்கறேன்” என்றாள். “இந்த மலையில பொறந்த காலு, ஒண்ணும் ஆவாது. ஓடு” என்றேன். அதோடு விட்டேனா? அவள் ஆடு ஓட்டப் போனபோது ஷூவை எடுத்துச் சோளக் குதிரின் அடியில் புதைத்துவிட்டேன். தேடினாள். நாய் இழுத்துப் போயிருக்கும் என்றேன். நம்பிவிட்டாள், நிக்கானோர். இரண்டு நாள் ஓடைக்கரை முழுக்கத் தேடினாள்.

பந்தயத்தில் குச்சியால் வளையத்தைத் தூக்கி எறிந்து எறிந்து நான்கு சுற்று ஓடினாள். ஐந்தாவதில் உட்கார்ந்துவிட்டாள். “எழுந்திரிடி, வெக்கமா இல்ல?” என்று கத்தியது நான்தான். எழுந்து இன்னும் ஒரு சுற்று ஓடினாள். அப்புறம் தூக்கிக்கொண்டுதான் வந்தோம்.

டாக்டரம்மா படம் எடுத்துப் பார்த்தார். “செருப்ப குத்தம் சொல்லாதீங்க. உங்க காலு பொறந்ததுலேந்து அதுல பழகுனது, கெட்டியா இருக்கு. இவ காலு மூணு வருஷம் சொகுசா இருந்துச்சு. மாசக்கணக்குல கொஞ்சம் கொஞ்சமா மாத்தியிருக்கணும். வலிச்சப்பவாவது நிறுத்தியிருக்கலாமே” என்றார். எட்டு வாரம் கால் ஊன்றக் கூடாது.

ஓடுகிற பிள்ளை என்றுதானே பள்ளி விடுதியில் இடம் கொடுத்தார்கள்? இந்த வருஷம் வைத்துக்கொள்வார்களா, தெரியவில்லை. அங்கிருந்து போன் செய்து கேளுங்கள். கெஞ்ச வேண்டியிருந்தாலும் கெஞ்சுங்கள்.

நேற்றுக் காலுக்குத் துணி சுற்றும்போது, “தப்பு என்மேலதாம்மா. ஷூவ பத்திரமா வச்சிருக்கணும். நீ ஏன் அழற?” என்று என் கன்னத்தைத் துடைத்துவிட்டாள். தண்ணீர் எடுத்து வருகிறேன் என்று வெளியே போய்விட்டேன்.

அவளிடம் சொல்லியாக வேண்டும். தனியாகச் சொல்ல எனக்குத் தைரியம் இல்லை. அறுவடை முடியட்டும் என்று இருக்காதீர்கள், இரண்டு நாள் கேட்டு வாங்கிக்கொண்டு வாருங்கள். என்னைத் திட்டுவதை எல்லாம் அப்புறம் திட்டலாம். நான் சொல்லி முடித்ததும் அவள் யார் மடியிலாவது விழுந்து அழ வேண்டுமே. அது என் மடியாக இருக்காது.

மேலிருக்கும் அப்பன் உங்களைப் பத்திரமாகக் கொண்டுவந்து சேர்க்கட்டும்.

உங்கள்
காந்தெலாரியா