கை தூக்கச் சொன்னவனுக்கு

நேற்று ஐந்தருவிச் சாலையில் சிப்ஸ் வாங்க நின்றேன். சாரல் தூறிக்கொண்டிருந்தது. நேந்திரங்காய் பொரிகிற தேங்காய் எண்ணெய் வாசம். கடைக்காரர் போனில் உன் பாட்டைப் போட்டார். உன்னை ஊருக்கெல்லாம் காட்டிய அந்த முதல் பாட்டு, முதலில் பதிவான அதே உச்ச சுருதியில். உச்ச வரி வருவதற்குள் நான் நடையைக் கட்டிவிட்டேன். "அண்ணாச்சி, பொட்டலத்த விட்டுட்டுப் போறியளே" என்று அவர் கூப்பிட்டது காதில் விழுந்தது. திரும்பவில்லை. நீ போய்ப் பதினோரு மாதம் ஆகிறது. அந்தப் பாட்டைக் கேட்கிற தைரியம் எனக்கு இன்னும் வரவில்லை. ஏன் என்று உனக்குத் தெரியும். வேறு யாருக்கும் தெரியாது.

பிளஸ் டூ படிக்கும்போது என்னைப் பழைய குற்றாலத்துக்கு இழுத்துக்கொண்டு போவாய். அருவியை ஒட்டி நீ நிற்பாய், நான் படிக்கட்டுக்கு அந்தப் பக்கம். "நான் பாடுதேன். கேட்டா கை தூக்கு, கேக்கலன்னா தூக்காத. பொய்யாத் தூக்குன, பிடிச்சுத் தண்ணிக்குள்ள தள்ளிருவேன்லே." முதல் பத்து நாள் நான் கை தூக்கவே இல்லை. நீ என்னைத் திட்டமாட்டாய், அருவியைத் திட்டுவாய். அந்தச் சாரல் சீசன் முடிகிற வாரத்தில் ஒருநாள் அத்தனை இரைச்சலையும் தாண்டி உன் குரல் என்னிடம் வந்தது. கையைத் தூக்கினேன். நீ நனைந்த சட்டையோடு ஓடி வந்து, "சத்தியமா கேட்டுச்சா?" என்று மூன்று தடவை கேட்டாய்.

உன் அப்பா போலீஸ் ஏட்டு. பாடுகிறவனைப் பிடித்து உள்ளே வைக்கச் சட்டம் இல்லையே என்று மெய்யாகவே வருத்தப்பட்ட மனுஷர். என் வாப்பா துபாயிலிருந்து அனுப்பிய கீபோர்டை வைத்துக்கொண்டு இரண்டு பேரும் சென்னைக்குப் போனோம். வடபழனி அறையில், ஜன்னலைப் போர்வையால் மூடி, போனில் பதிவு செய்ததுதான் அந்த முதல் பாட்டு. ஒரே மாதத்தில் ஆட்டோவில், கல்யாண மண்டபத்தில், பஸ்ஸில் எல்லாம் உன் குரல். சிங்கப்பூர், மலேசியா என்று பறந்தோம். தென்காசிப் பஸ் ஸ்டாண்டில் உன் முகம் போட்ட பேனருக்கு முன்னால் உன் அப்பா யூனிபார்மோடு நின்று செல்ஃபி எடுத்ததை நீ ஆயிரம் பேரிடம் சொல்லிச் சிரித்திருப்பாய்.

எத்தனை பெரிய மேடையானாலும் அருவிக்கரைப் பழக்கத்தை நீ விடவில்லை. கூட்டம் விசிலடித்தாலும் அழுதாலும் உனக்குப் போதாது. கடைசிப் பாட்டு முடிந்ததும் திரும்பி, கீபோர்டில் நிற்கிற என்னைப் பார்ப்பாய். நான் கை தூக்க வேண்டும். அதற்குப் பிறகுதான் தண்ணீர் குடிப்பாய்.

ஒரு கல்லூரி விழாவில் உச்ச வரியில் உன் குரல் பிசிறியது. கூட்டமே சேர்ந்து பாடியதால் யாரும் கவனிக்கவில்லை. நீ மிரண்டு போய் என்னைப் பார்த்தாய். அடுத்த நிகழ்ச்சியில் நீ மேடைக்கு வருமுன் கீபோர்டில் ஒரு பட்டனை அழுத்தி அரைக் கட்டை சுருதியை இறக்கி வைத்தேன். டிரம்ஸைத் தவிர மற்ற எல்லாச் சத்தமும் என் கையில்தானே இருந்தது. அன்று நீ சிரமமில்லாமல் பாடினாய். "இன்னிக்கு நல்லா ஏறுச்சுல்லா?" என்றாய். நான் கையைத் தூக்கினேன். என் முதல் பொய் அது.

இரண்டு வருஷத்தில் நான்கு முறை இறக்கினேன். மொத்தம் இரண்டு கட்டை. உன் மனசு உடைந்துவிடக் கூடாது என்றுதான் செய்ததாக எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அது பாதிதான் உண்மை. மேடை நின்றுபோனால் நானும் வெறும் ஆள்தான் என்ற பயம் மீதிப் பாதி.

பொங்கலுக்கு ஊருக்கு வந்தோமே, அன்று சோறு போட்டுக்கொண்டே உன் அம்மா கேட்டார்கள். "ஏலே, பேசும்போதே தொண்ட கம்மிக் கெடக்கே. டாக்டர்ட்ட காட்டுனியா?" நீ என்னைக் கை காட்டினாய். "இவன் காதத் தாண்டி ஒண்ணும் போவாது. இவன் சொல்லட்டும், நாளைக்கே போறேன்." அம்மா கையில் கரண்டியோடு என்னைப் பார்த்தார்கள். ஒரு வார்த்தை போதும். நான், "ஒண்ணுமில்லம்மா, அலைச்சல்தான்" என்றேன். அவர்கள் எனக்கு இன்னொரு கரண்டி அவியல் வைத்தார்கள்.

எட்டு மாதம் கழித்து நீ எச்சில் விழுங்க முடியாமல் டாக்டரிடம் போனபோது அவர், "குரல் மாறுனதுமே வந்திருக்கணும்" என்றார். புற்று என்று குரல்வளையை எடுத்தார்கள். அதுவும் காப்பாற்றவில்லை.

ஆபரேஷன் முடிந்த நான்காம் நாள் நீ போனில் எழுதி என்னிடம் நீட்டினாய்: "பழைய வீடியோவயும் புதுசயும் சேத்துக் கேட்டேன். எத்தன கட்ட எறக்குனலே?" நான் இரண்டு விரலைக் காட்டினேன். திட்டி எழுதுவாய் என்று காத்திருந்தேன். நீ திட்டவில்லை. என் பக்கம் திரும்பி வாயைத் திறந்தாய். உதடு அசைந்தது. என்ன பாட்டு என்று உதட்டைப் பார்த்தே தெரிந்துகொண்டேன். தொண்டைத் துளையில் காற்று மட்டும் வந்து போனது.

பழக்க தோஷம். கையைத் தூக்கிவிட்டேன்.

நீ எட்டி என் மணிக்கட்டைப் பிடித்தாய். மெதுவாக இறக்கி, மெத்தைமேல் வைத்து, அது மறுபடி எழுந்துவிடாதபடி உன் கையை அதன்மேல் வைத்துக்கொண்டாய்.

கீபோர்டு எங்கள் அச்சன்புதூர் வீட்டில் உறை போட்டுக் கிடக்கிறது. போன வாரம் அக்கா மகள் பள்ளிக்கூட விழாவுக்கு ஒரு பாட்டைப் பாடிக் காட்டி, "நல்லாருக்கா மாமா?" என்றாள். நல்லாத்தான் பாடினாள். என்னால் கையைத் தூக்க முடியவில்லை. நீ இறக்கி வைத்த இடத்திலேயே இருக்கிறது.