சொர்ணத்தின் மூச்சு

சுபானு வருஷம், கார்த்திகை 5, ஞாயிறு

சிட்டு, உன் மகள் இன்று குப்புற விழுந்தாள். தலையைத் தூக்கி என்னைப் பார்த்து ஒரு சிரிப்பு. அப்புறம் மூக்கை இடித்துக்கொண்டு அழுகை. நீ பார்க்க வேண்டியதை நான் பார்க்கிறேன். அதனால்தான் எழுதி வைக்கிறேன். மூணாங்கிளாசோடு நின்ற அக்கா எழுத்து, சிரிக்காதே.

அஸ்ஸாமில் பட்டாளத்தோடு இருக்கும் உன் வீட்டுக்காரர் பிள்ளையை விசாரித்துக் கடுதாசி போட்டிருக்கிறார். சொர்ணம் நன்றாக இருக்கிறாள் என்று உன் மச்சானைப் பதில் போடச் சொன்னேன்.

கார்த்திகை 6

சொர்ணத்துக்குச் சளி. மூக்கடைப்பில் பால் இறங்கவில்லை. சங்கைக் கண்டாலே முகத்தைத் திருப்புகிறாள். நாளைக்குக் காத்தாயி குளிப்பாட்ட வருவாள். ஊரில் எல்லாப் பிள்ளைக்கும் அவள்தானே தலைக்கு ஊற்றுகிறாள். "எண்ணெய் விட்டு ஊதுனா கழண்டுரும் தாயி" என்று தெருவில் பார்த்தபோது சொன்னாள்.

கார்த்திகை 8, புதன்

டவுன் பெரிய ஆஸ்பத்திரியில் இருக்கிறோம். மாற்றுப் புடவையோடு இந்த நோட்டையும் உன் மச்சான் எடுத்து வந்தார்.

நேற்றுக் காலையில் காத்தாயி காலை நீட்டிப் பிள்ளையைப் போட்டுக்கொண்டு, எப்போதும்போல மூக்கில் எண்ணெய் விட்டு ஊதினாள். சளி கெட்டியாக இருக்கிறது என்று இன்னும் கொஞ்சம் விட்டாள். அந்த நேரம் பார்த்துப் பிள்ளை வீறிட்டு மூச்சை உள்ளே இழுத்தாள். அப்புறம் சத்தமே இல்லை. உதடு கறுத்துப்போச்சு. சிட்டு, உன்னைப் பாயில் கிடத்தியிருந்தப்போ உன் உதடு அப்படித்தான் இருந்துச்சு.

ஆதனக்கோட்டை ரோட்டுக்கு ஓடினோம். பெட்ரோல் தட்டுப்பாட்டில் கரியில் ஓடுகிற பஸ், மேட்டில் ஏறாமல் நின்றுவிட்டது. ஆம்பிளைகள் இறங்கித் தள்ளினார்கள். "தள்ளுங்கய்யா, பிள்ளை போயிரும்!" உன் மச்சான் அப்படிக் கத்தி நான் கேட்டதே இல்லை. மடியில் பிள்ளையின் நெஞ்சு குழி விழுந்து குழி விழுந்து எழும்புது. காத்தாயி என் காதுக்குள்ளே, "எண்ணெய்ன்னு சொல்லிராத தாயி. சளின்னே சொல்லு. போலீசுல புடிச்சுக் குடுத்துருவாக" என்கிறாள். நானும் தலையை ஆட்டிவிட்டேன்.

ஆஸ்பத்திரியில் டாக்டர் ஆபரேஷனில் இருந்தார். நர்ஸம்மா ஒருத்தர் வந்தார். சூசையம்மாள் என்று பேர், ஆவூர்ப் பக்கம். ஓடி வரவில்லை, நடந்துதான் வந்தார். எனக்கு ஆத்திரம் பொங்கியது. ஓடினா என்ன?

பிள்ளையைத் தலைகீழாகச் சாய்த்து வாய்க்குள் விரலை விட்டுப் பார்த்தார்.

"என்ன நடந்துச்சும்மா?"

"சளிங்க."

"நான் வையமாட்டேன். உள்ள போனது என்னன்னு தெரிஞ்சாத்தான் எடுக்க முடியும்."

காத்தாயி என் புடவையைப் பிடித்து இழுக்கிறாள். நான் சொல்லிவிட்டேன். "நல்லெண்ணெய்ங்க. மூக்குல விட்டது."

"சரி" என்றார். அவ்வளவுதான். ஒரு ரப்பர்க் குழாயைப் பிள்ளையின் தொண்டையில் விட்டு, மறுமுனையைத் தன் வாயில் வைத்து உறிஞ்சினார். உறிஞ்சிக் கிண்ணத்தில் துப்பினார். மறுபடி உறிஞ்சினார். எண்ணெயும் கோழையுமாக வந்தது. பெற்றவளே முகம் சுளிப்பாள், சிட்டு. அந்த அம்மா சுளிக்கவில்லை. அப்புறம் ஒரு சின்ன முனகல் கேட்டது. பூனைக்குட்டி மாதிரி.

டாக்டர் வந்து ஊசி போட்டார். எண்ணெய் நுரையீரலுக்கும் போயிருக்கு, காய்ச்சல் வரும், இப்ப எதுவும் சொல்றதுக்கில்லை என்றார். காற்று அடைத்த இரும்புப் பீப்பாயிலிருந்து ஒரு குழாய், அதன் நுனியில் கண்ணாடிப் புனல். அதைப் பிள்ளை முகத்துக்கு நேரே பிடித்திருப்பது என் வேலை.

"எனக்குப் பயமா இருக்குங்க. கையி நடுங்குது."

"பயப்படுங்க. அது பாட்டுக்கு இருக்கட்டும். புனல் மட்டும் நகரக்கூடாது" என்று சொல்லி என் முழங்கைக்கு ஒரு தலையணையை அண்டக் கொடுத்தார்.

கார்த்திகை 9

காய்ச்சல் கொதிக்கிறது. பக்கத்துக் கட்டில் பிள்ளையைக் காலையில் துணி போட்டு மூடித் தூக்கிப் போனார்கள். அதன் தாய் போட்ட சத்தத்தில் புனலை நழுவ விட்டிருப்பேன். நர்ஸம்மா என் கையோடு கை வைத்துப் பிடித்துக்கொண்டார். என்னால் பொறுக்க முடியவில்லை. "நீங்க மட்டும் எப்பிடிங்க கல்லு மாதிரி இருக்கீங்க?" என்று கேட்டுவிட்டேன். கேக்கலாமா நான்? உயிரைக் காப்பாத்துறவங்களை?

அவர் கோபப்படவில்லை. "அந்தப் பிள்ளைக்கு வீட்டுக்குப் போயி அழுவேன். இப்ப இதுக்குப் பால் குடுக்கணும்" என்றார். பேனாவுக்கு மசி விடுகிற பில்லர் குழாய் மாதிரி ஒன்றில் பாலை எடுத்து, சொட்டுச் சொட்டாக விட்டு, ஒவ்வொன்றும் இறங்குகிறதா என்று தொண்டையைப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

கார்த்திகை 10

காய்ச்சல் இறங்கலை. சிட்டு, அவளைக் கூப்பிட்டுக்காதே.

கார்த்திகை 13

வேர்த்திருக்கிறது. உடம்பு தணிந்திருக்கிறது. இன்னும் நம்பப் பயமாக இருக்கிறது. ஆனாலும் எழுதிவிடுகிறேன் – பிழைச்சுட்டா.

காத்தாயி ஊருக்கே போகவில்லை. இத்தனை நாளும் ஆஸ்பத்திரி வாசலில் கிடந்திருக்கிறாள். உள்ளே வர மாட்டேன் என்கிறாள். இன்று நர்ஸம்மாவே போய்க் கூப்பிட்டார்.

"வாங்க ஆத்தா, பிள்ளைக்கு உடம்பு துடைக்கணும். பழகுன கை உங்களுது."

காத்தாயி கையைப் பின்னால் ஒளித்துக்கொண்டாள். "இந்தக் கையா? வேண்டாம்மா. இத வெட்டிப் போடணும்."

"வெட்டிப்புட்டா ஊர்ப்பிள்ளைய யாரு குளிப்பாட்டுறது? மூக்குல எண்ணெய் வேண்டாம், அம்புட்டுத்தான். அத நான் வந்து சொன்னா உங்க ஊர்ல கேப்பாகளா? நீங்க சொன்னாக் கேப்பாக."

காத்தாயி வெந்நீரில் துணியை நனைத்து, அழுதுகொண்டே துடைத்தாள். சொர்ணம் அவள் கட்டைவிரலைப் பிடித்துக்கொண்டு விடவில்லை. "பாரு கழுதைய, என்னையப் போலீசுல குடுக்கத்தான் புடிச்சிருக்கா" என்றாள் காத்தாயி. நர்ஸம்மா சிரித்ததை இன்றுதான் பார்த்தேன்.

மார்கழி 2

வீட்டுக்கு வந்துவிட்டோம். இருமல் இன்னும் இருக்கிறது. இருமினால் எழுந்து உட்கார்ந்துவிடுகிறேன். தூங்கினாலும் மூக்கருகே விரலை வைத்துப் பார்க்கிறேன்.

தெருவில் காத்தாயியின் சத்தம்தான். "எண்ணெய்க் கிண்ணத்தை எடுத்தீகன்னா பிள்ளையக் கால்ல போடமாட்டேன், ஆமா!"

தாரண வருஷம், சித்திரை 6

இன்று சொர்ணம் சுவரைப் பிடித்து எழுந்து நின்றாள். நான் அடுப்படியில் பால் காய்ச்சிக்கொண்டிருந்தேன். என்னைப் பார்த்து "ஆத்தா" என்றாள்.

பெரியாத்தா என்று சொல்ல வருகிற வயசில்லை. எனக்கே அது தெரியும். பிள்ளை பெறாத வயிறு எனக்கு. இப்படி ஒருத்தரும் கூப்பிட்டதில்லை. உன் மச்சான் வாசலிலிருந்து, "கூப்பிடுறால்ல, ஏன்னு கேளேன்" என்கிறார். ஏன்னு கேட்டால் நான்தான் ஆத்தா என்று ஒத்துக்கொண்டதாகிவிடும். நீ இருக்கிற இடத்தில் அது உன் காதில் விழுந்துவிடுமோ என்று பயம்.

மறுபடி கூப்பிட்டாள். நான் பேசாமலிருந்ததில் அவள் உதடு பிதுங்கியது.

சிட்டு, நான் ஏன்னு கேக்கவா?